சோத்து உருண்டை நான்தான்யா குடுத்தேன்

ஐயா ராசா,

இத ஃபோன்ல சொல்ல வரல, அதான் உக்காந்து டைப் பண்றேன், மணி ராத்திரி ஒன்னு ஆச்சு, அப்பா தூங்குறாங்க. நீ முதல்ல முழுசா படி, நடுவுல ஃபோன் போட்டுறாத, ரிங் சத்தத்துல அவங்க எழுந்துருவாங்க.

அப்பாவுக்கு வைரல் ஃபீவர்னு சொன்னேன்ல, அது பொய். கேமரா உடைஞ்சு போச்சு வீடியோ கால் வராதுன்னு சொன்னதும் பொய்தான். அப்பாவ ஆஸ்பத்திரில சேத்திருந்தோம். இப்ப வீட்டுக்கு வந்து நாலு நாள் ஆச்சு, நடக்குறாங்க, திட்டுறாங்க, கஞ்சி குடிக்குறாங்க, அதனால பயப்படாம படி.

அந்த ஞாயித்துக்கிழமை பாறை மீன் குழம்பு வச்சேன். டிவில கிரிக்கெட் பாத்துக்கிட்டே சாப்பிட்டவங்க திடீர்னு கைய நெஞ்சுக்கு மேல வச்சுட்டு முள்ளு மாட்டிக்கிச்சுன்னாங்க. எங்க ஆச்சி காலத்துல இருந்து என்ன செய்வோம், வெறும் சோத்த உருட்டி மெல்லாம முழுங்க சொல்லுவோம், நானும் அதத்தான் செஞ்சேன். எலுமிச்சம்பழம் அளவுக்கு நாலு உருண்டை, அப்புறம் ஒரு வாழைப்பழம். போயிருச்சுன்னு சொன்னாங்க. போகலய்யா. டாக்டர் அப்புறம் சொன்னாரு, உருண்டை முள்ளத் தள்ளுமாம், ஆனா வயித்துக்குள்ள தள்ளாம உணவுக்குழாய் சுவத்துக்குள்ள தள்ளிரலாமாம், நேரா வந்திருந்தா ஸ்கோப், அதான் கேமரா வச்ச குழாய், வாய் வழியா விட்டு எடுத்திருப்போம்னாரு. எனக்கு அங்கயே நிக்க முடியல, காரிடார்ல போய் உக்காந்துட்டேன்.

திங்கக்கிழமை நெஞ்சு முதுகெல்லாம் வலின்னு பக்கத்து கிளினிக்குக்குப் போனோம், கேஸ் ட்ரபிள்னு ஊசி போட்டு அனுப்பிட்டாங்க. முள்ளு விஷயத்த நான் ரெண்டு தடவ சொன்னேன், அது எப்பவோ போயிருக்கும்மான்னு சிரிச்சாரு. செவ்வாக்கிழம ராத்திரி குளிர் ஜுரம். புதன்கிழமை காலைல கழுத்து வீங்கியிருந்துச்சு, தைலம் தடவலாம்னு கைய வச்சா தோலுக்கு அடியில உப்புக்கல்ல நெரிச்ச மாதிரி நறநறன்னுச்சு. அந்தச் சத்தம் இன்னும் என் விரல்ல இருக்கு. நைன்ட்டி ஃபீட் ரோட்டுல ஆட்டோ பிடிச்சு பெரிய ஆஸ்பத்திரிக்கு ஓடுனோம், அங்க இருந்த டாக்டர் தொட்டுப் பாத்த உடனே சிடி ஸ்கேன்னு எழுதிட்டாரு. உள்ள ஓட்டை விழுந்து காத்து வெளிய கசிஞ்சு தோலுக்கு அடியில ஏறியிருந்துச்சாம். ஓட்டைக்குப் பக்கத்துல சீழ் சேந்து ஒரு குழி. முள்ளு பெரிய ரத்தக்குழாய்க்கு எட்டாம நின்னுது, அதான் தப்பிச்சோம்னாங்க.

நெஞ்சத் தொறந்து ஆபரேஷனோன்னு நான் மாங்கல்யத்தப் பிடிச்சுட்டு நின்னேன். டாக்டர் ஸ்பான்ஜ் வைக்கலாம்னாரு. எனக்குப் பாத்திரம் தேய்க்குறதுதான் ஞாபகம் வந்துச்சு, கிட்டத்தட்ட அதே மாதிரிதான் இருக்கு பாத்தா, ஆனா ஒவ்வொரு ஓட்டையும் அடுத்த ஓட்டைக்குத் தொறந்திருக்கும். ஆறாத புண்ணுக்கு வெளிய வச்சு கட்டுவாங்கல்ல அந்த ஸ்பான்ஜ்தானாம், கத்தரிக்கோலால சின்னதா வெட்டி மூக்கு வழியா வயித்துக்கு விடுவாங்களே அந்த ரைல்ஸ் டியூப் நுனியில தச்சு, மயக்கம் குடுத்து எண்டோஸ்கோப்பியில முள்ள எடுத்துட்டு அந்தச் சீழ் குழிக்குள்ளயே கொண்டு போய் வச்சுருவாங்க. டியூபோட மறுமுனை மூக்கு வழியா வெளிய வந்து மெஷின்ல மாட்டியிருக்கும், மெஷின் ராத்திரி பகலா உறிஞ்சிக்கிட்டே இருக்கும். அதுல 125னு நம்பர் எரியும், பிபி பாக்குற அதே பாதரசக் கணக்குதான், இது இழுக்குற பக்கம். சீழ் வெளிய வந்துரும், குழியோட சுவர் ஒன்னுக்கொன்னு இழுபட்டு சுருங்கும், ரத்த ஓட்டம் வந்து புதுச் சதை வளரும்.

ஸ்டென்ட்னு ஒரு குழாய் வைப்பாங்களே அது வேணாமான்னு தங்கச்சி கூகுள்ல பாத்துட்டுக் கேட்டா. அது ஓட்டைய மூடும், ஆனா நகந்துரலாம், வெளிய இருக்குற சீழ் அப்படியே நிக்கும், இது உள்ள இருக்கிறத இழுத்து எடுத்துரும்னாரு. ஜெர்மனியில முதல்ல மலக்குடல் ஆபரேஷன் தையல் விட்டுப்போனவங்களுக்கு இப்படி செஞ்சாங்களாம், அப்புறம் மேல உணவுக்குழாய்க்கும் கொண்டு வந்துட்டாங்களாம். மேலயும் கீழயும் ஒரே வைத்தியம்னு அவ சிரிச்சா, எனக்குச் சிரிப்பு வரல.

இதுல கஷ்டம் என்னன்னா ஒரு தடவ வச்சா முடியாது. மூனு நாலு நாளைக்கு ஒருக்கா மாத்தணும், விட்டா சதை ஸ்பான்ஜ் ஓட்டைக்குள்ள வளந்து ஒட்டிக்கும், பிடுங்கும்போது ரத்தம் வரும். வியாழன் வச்சாங்க, திங்கள் மாத்தினாங்க, திரும்ப வியாழன், திங்கள், வியாழன், மொத்தம் அஞ்சு ஸ்பான்ஜ், 18 நாள். ஒவ்வொரு தடவையும் மயக்கம், ஒவ்வொரு தடவையும் நான் கையெழுத்து. முதல் ஸ்பான்ஜ டிரேல காட்டினாங்க, சாக்கடத் தண்ணி நிறம், நாத்தம் வேற. மூனாவது வெளுத்துருந்துச்சு. குழி சின்னதாயிருச்சுன்னு நாலாவத குழிக்குள்ள வைக்காம உணவுக்குழாய்லயே வச்சாங்க. மெஷின் டப்பாவுல வர்ற நிறத்த நான் தினமும் நோட்டுல எழுதி வச்சேன், நர்ஸ் பொண்ணு மராத்தில என்னமோ சொல்லி சிரிக்கும்.

அத்தன நாளும் வாய் வழியா ஒரு சொட்டு தண்ணி கிடையாது. இன்னொரு மூக்குல சின்ன டியூப் விட்டு வயித்தத் தாண்டி குடல் வரைக்கும் கொண்டு போய் அதுலதான் பால் மாதிரி சாப்பாடு போகும். ரெண்டு மூக்குலயும் டியூப், பேசினா தொண்டை உறுத்தும், நோட்டுல எழுதிக் காட்டுவாங்க. பத்து பக்கம் எழுதியிருக்காங்க பாரு, அதுல ஏழு பக்கம் டீ. கட்டிங் டீ, இஞ்சி டீ, மூலைக் கடை டீன்னு. ஒரு பக்கத்துல மட்டும் உனக்குச் சொல்லாதன்னு எழுதினாங்க, வேல கன்ஃபர்ம் ஆகட்டும், தோஹால இருந்து ஓடி வந்துருவான்னு. அதனாலதான் சொல்லலன்னு உன்கிட்ட சொல்லிக்கலாம்தான். ஆனா அது பாதிதான்யா. நீ எப்படி ஆச்சுன்னு கேப்ப, நான் உருண்டையச் சொல்லணும், அது எனக்கு முடியல.

கடைசி ஸ்பான்ஜ எடுத்த மறுநாள் கசப்பு மருந்து ஒன்னு குடிக்க வச்சு எக்ஸ்ரே பாத்தாங்க. மருந்து நேரா கீழ இறங்குச்சு, ஒரு துளி வெளிய கசியல. டாக்டர் ஸ்க்ரீன என் பக்கம் திருப்பினாரு, எனக்கு ஒன்னும் புரியல, வெள்ளையா ஒரு கோடு தெரிஞ்சுது. அப்புறம் ஒரு ஸ்பூன் தண்ணி. குடிச்சுட்டு கண்ண மூடிக்கிட்டாங்க.

வளையல அடகு வச்சிருக்கேன், அதப் பத்தி இப்ப பேச வேண்டாம். இன்னும் ரெண்டு வாரத்துல திரும்ப ஸ்கோப், ஆறின இடம் சுருங்கி அடைக்குதான்னு பாக்கணுமாம், அப்படி அடைச்சா பலூன் வச்சு விரிப்பாங்களாம், அது சின்ன விஷயம்ங்கறாங்க. நீ லீவ் போட்டு வர வேண்டாம், பொங்கலுக்கு வந்தா போதும்.

வெள்ளிக்கிழமை வீடியோ கால் போடு. மெலிஞ்சுட்டாங்க, பாத்து முகத்த மாத்திக்காத. மீன் பேச்சு எடுக்காத. உருண்டை நான் குடுத்தது அவங்களுக்கு நல்லா ஞாபகம் இருக்கு, இந்த நிமிஷம் வரைக்கும் ஒரு வார்த்த கேக்கல, நோட்டுலயும் எழுதல, நான் எல்லாப் பக்கமும் தேடிப் பாத்துட்டேன்.

அம்மா