மூன்று நாளில் அடங்கிவிடுமா?

ஆசிரியருக்கு வணக்கம்.

கூண்டில் விட்டதும் நாய்க்குட்டி குரைத்தால் திரும்பியே பார்க்காதீர்கள், மூன்று நாளில் தானாக அடங்கிவிடும் என்று தங்கள் நாளிதழில் ஒரு யோசனை வந்திருந்தது. வெளியூர் போகிறவர்களின் நாய்களை என் வீட்டில் வைத்துப் பார்த்துக்கொள்வதுதான் என் பிழைப்பு. இதே யோசனையைக் கேட்டு நடந்து, முன்பைவிட இரண்டு மடங்கு குரைக்கும் குட்டியோடு என் வாசலுக்கு வருகிறவர்கள் நிறைய. அதனால்தான் இந்தக் கடிதம்.

எட்டு வாரக் குட்டி நேற்றுவரை தாயின் வயிற்றில் முகம் புதைத்து, கூடப்பிறந்தவற்றின் மேல் ஏறிப் படுத்துத் தூங்கியது. அதைத் தூக்கிவந்து யாருமில்லாத அறையில் அடைத்து விளக்கையும் அணைத்தால் கத்தாமல் என்ன செய்யும்? முதல் சில வாரங்களுக்காவது கூண்டை உங்கள் கட்டிலை ஒட்டிப் போடுங்கள். முனகினால் கம்பிக்கு இடையே ஒரு விரலை நீட்டினால் போதும்; முகர்ந்து பார்க்கும், ஒரு பெருமூச்சு விடும், படுத்துக்கொள்ளும். பழகியபின் கூண்டைக் கொஞ்சம் கொஞ்சமாக எங்கே வேண்டுமோ அங்கே நகர்த்திக்கொள்ளலாம்.

அடுத்தது மூத்திரம். குட்டிக்கு எத்தனை மாதமோ அதோடு ஒன்றைக் கூட்டுங்கள். அத்தனை மணி நேரம்தான் அதிகபட்சம் அடக்கும் என்பது நாய் வளர்ப்பவர்களின் பொதுக் கணக்கு. இரண்டு மாதக் குட்டிக்கு 3 மணி நேரம். இரவு 10 மணிக்கு உள்ளே விட்டது 1 மணிக்குக் குரைத்தால் அது அடம் அல்ல, அவசரம். அப்போதும் திரும்பிப் பார்க்காமல் படுத்திருந்தால் கூண்டிலேயே போய்விடும். படுக்கும் இடத்தை நனைத்துப் பழகிய குட்டியைத் திருத்துவது குரைப்பை நிறுத்துவதைவிடப் பெரும்பாடு. தூக்கிக்கொண்டு போங்கள்; பெரிய விளக்கு வேண்டாம், கொஞ்சல் வேண்டாம். காரியம் முடிந்ததும் மறுபடி கூண்டுக்குள் விட்டுவிடுங்கள். அந்த நேரத்தில் விளையாட்டுக் காட்டினீர்களானால் மறுநாளும் அதே நேரத்துக்கு விளையாடக் கூப்பிடும்.

பசி, மூத்திரம், பயம் எதுவும் இல்லை, வெளியே வரவேண்டும் என்பதற்காகவே குரைக்கிறது என்றால், அப்போது திறக்கக் கூடாது என்பது சரிதான். ஆனால் வீட்டில் யார் அதைக் கடைப்பிடிக்கிறார்கள்? ஒரு வீட்டில் அப்பா கூண்டின் மேல் தடியால் தட்டுவார். பாட்டி "பாவம்டா" என்று பிஸ்கட் நீட்டுவார். பையன் பாட்டி தூங்கியதும் திறந்துவிடுவான். இருபது நிமிடம் பல்லைக் கடித்துக்கொண்டு இருந்துவிட்டு, பக்கத்து வீட்டுக்காரர் என்ன சொல்வாரோ என்று திறப்பவர்களும் உண்டு. அன்றைக்குத் திறந்தார்களே, இன்றைக்கும் திறப்பார்கள் என்ற நம்பிக்கை போதும், குட்டி விடிய விடியக் குரைக்கும். போதாக்குறைக்கு, அடங்குவதற்கு முன்னால் குரைப்பு ஒருமுறை உச்சத்துக்குப் போகும். முக்கால்வாசிப் பேர் மனம் தளர்ந்து திறப்பது சரியாக அப்போதுதான்.

நான் செய்வதைச் சொல்கிறேன். எவ்வளவு குரைக்கிற குட்டியானாலும் நடுவில் மூச்சு வாங்க ஒரு இடைவெளி விடும். தலையைச் சாய்த்து, யாராவது வருகிறார்களா என்று காதைத் தீட்டும். அந்த இரண்டு விநாடியில் என் கை கொக்கிக்குப் போய்விடும். கொக்கி கிணுங்கும் சத்தம் கேட்டதும் திரும்பக் குரைத்தால் கையை எடுத்துவிடுவேன். வாயை மூடினால் கை மறுபடி வரும். குரைத்தால் கை போகிறது, சும்மா இருந்தால் வருகிறது என்பதை நாம் நினைப்பதைவிடச் சீக்கிரமே பிடித்துக்கொள்ளும். பிறகு இரண்டு விநாடி ஐந்தாகும், பத்தாகும், மெல்ல நிமிடங்களாகும்.

இதையெல்லாம் தூக்கம் சொக்கும் நடுராத்திரியில் தொடங்காமல் பகலில் தொடங்க வேண்டும். கதவைத் திறந்தே வைத்து, சாப்பாட்டுக் கிண்ணத்தைக் கூண்டுக்குள் வையுங்கள். தானாக உள்ளே போய்வரப் பழகியபின், சாப்பிட்டு முடிக்கும்வரை மட்டும் கதவைச் சாத்துங்கள். நடுவில் துளையுள்ள ரப்பர் பொம்மையில் ஈர உணவை அடைத்து உறையவைத்துக் கொடுத்தால் நக்கிக்கொண்டே கிடக்கும்; நக்குவதும் மெல்லுவதும் நாய்க்கு அமைதி தருபவை. கூண்டு எழுந்து நிற்க, திரும்ப, நீட்டிப் படுக்கப் போதுமானதாக இருந்தால் சரி. உள்ளே விடும்போது கழுத்துப்பட்டையைக் கழற்றிவிடுங்கள், கம்பியில் மாட்டினால் ஆபத்து.

தட்டுவது, அதட்டுவது, தண்ணீர் பீய்ச்சுவது இவற்றைப் பற்றிக் கேட்கவே எனக்குக் கோபம் வரும். நாம் போடும் சத்தம், கூடச் சேர்ந்து குரைப்பது போலத்தான் அதன் காதில் விழும். இல்லையென்றால் கூண்டைக் கண்டாலே ஓடி ஒளியும்.

இன்னொன்று முக்கியம். எச்சில் ஆறாக ஒழுக, கம்பியைக் கடித்து ஈறு கிழிய, நகம் பெயரப் பிறாண்டுகிற நாய் அடம்பிடிக்கவில்லை, தனிமையில் நடுங்குகிறது. அதைக் கூண்டில் பூட்டினால் பயம் முற்றும், காயமும் படும். அதற்குக் கால்நடை மருத்துவரின் உதவி வேண்டும். சாதாரணக் குரைப்பையும் இந்த நடுக்கத்தையும் எப்படிப் பிரித்தறிவது என்று ஒரு மருத்துவரையே எழுதச் சொல்லி, அந்த யோசனை வந்த அதே பகுதியில் தாங்கள் வெளியிட வேண்டும் என்று கேட்டுக்கொள்கிறேன்.

இப்படிக்கு,
நாய்கள் காப்பகம் நடத்தும் ஒரு வாசகி