ஃபியோர்ட் படகு நிறுவனங்களுக்கு: அந்தக் காத்திருப்பறையைத் திறந்து வையுங்கள்

மேற்கு நோர்வேயில் குளிர்காலத்திலும் சுற்றுலாப் படகு ஓட்டும் நிறுவனங்களுக்கு,

வணக்கம். இந்த மடலை நோர்வேஜிய மொழியிலும் உங்களுக்கு அனுப்பியிருக்கிறேன். தமிழில் எழுதுவது, ஊரிலிருந்து தாய் தகப்பனைக் கூப்பிட்டு உங்கள் படகுகளில் ஏற்றுகிற எங்கள் ஆட்களும் தெரிந்துகொள்ளட்டும் என்றுதான்.

ஜனவரியில் உங்களில் ஒருவரின் படகில் வந்து, ஃபியோர்டின் (மலைகளுக்கு நடுவே உள்ளே நீண்டு நுழையும் ஒடுங்கிய கடல்) உள்முனையில் உள்ள சிறிய இறங்குதுறையில் நானும் அம்மாவும் இறங்கினோம். படகு ஏன் பிந்தியது, பஸ் ஏன் நிற்கவில்லை என்பதெல்லாம் உங்கள் பதிவுகளில் இருக்கும். நான் கேட்பது ஒன்றுதான்: கடைசிப் பயணி பஸ் ஏறும்வரை காத்திருப்பறையைத் திறந்து, சூடாக வைத்திருங்கள்.

படகு பிந்தியதில் எனக்குக் கோபமில்லை. நெடுங்காலமாக மேற்கு நோர்வேயின் பேர்கன் நகரில் இருக்கிறேன். ஆறுகள் கொண்டுவரும் நன்னீர் உப்புநீருக்கு மேலே படலமாகக் கிடக்கும், காற்றில்லாத கடுங்குளிரில் ஃபியோர்டின் ஒடுங்கிய உள்முனை அதனால்தான் முதலில் உறையும் என்பது தெரிந்ததுதான். கப்டன் மெதுவாக ஓட்டியது சரி. அன்றைக்குப் படகே இல்லை என்று சொல்லியிருந்தாலும் சரி என்றுதான் சொல்லியிருப்பேன்.

பயணத்திலும் ஒரு குறை இல்லை. செங்குத்துப் பாறையில் அருவி விழுந்தபடியே உறைந்து நீலமாகத் தொங்கியதைக் கண்ட அம்மா, மேல்தளத்தை விட்டு உள்ளே வர மறுத்துவிட்டார். மின்கலத்தில் ஓடும் படகு, இரைச்சல் இல்லை. மெல்லிய பனிக்கட்டி படகின் பக்கத்தில் உரசி நொறுங்கும் சத்தம் வரை கேட்டது. கோடைக் கூட்டத்துக்குள் நின்று அதே மலைகளைப் பார்த்திருந்த எனக்கே அது புது இடமாக இருந்தது.

இறங்கியபோது பஸ் போய்விட்டது. அடுத்ததற்கு ஒன்றரை மணிநேரம். சுற்றிவர மலை உயர்ந்த அந்தப் பள்ளத்தாக்குக்குள் ஜனவரியில் வெயில் இறங்குவதே இல்லை; குளிர் அடியில் தேங்கி நிற்கும். கைத்தொலைபேசி மைனஸ் 11 காட்டியது. காத்திருப்பறைக் கதவில் பூட்டு, மே மாதம் திறக்கப்படும் என்று ஓர் அறிவித்தல். கண்ணாடிக்குள்ளால் பார்த்தேன். மேசைகளின் மேல் கதிரைகள் கவிழ்த்து அடுக்கியிருந்தன. யன்னலுக்குக் கீழே ஹீற்றரில் சின்னச் சிவப்பு விளக்கு எரிந்துகொண்டிருந்தது. தண்ணீர்க் குழாய் உறைந்து வெடிக்காமல் இருக்க, அந்த அறையைக் குளிர்காலம் முழுக்க மிதமான சூட்டில் வைத்திருக்கிறார்கள். குழாய்க்குக் கிடைத்த அந்தச் சூடு எழுபது வயது கடந்த ஒரு மனுசிக்குக் கிடைக்கவில்லை.

மலசலகூடமும் அதே பூட்டுக்குள்தான். பிளாஸ்கில் தேத்தண்ணி இருந்தது. குடித்தால் ஒதுங்க இடமில்லை என்று அம்மா ஒரு வாய்கூடக் குடிக்கவில்லை. பிளாஸ்கை மடியில் அணைத்தபடி, பனி மூடிய மரவாங்கில் என் பையைப் போட்டு அதன்மேல் இருந்தார்.

பயணச்சீட்டில் இருந்த இலக்கத்துக்கு அழைத்தேன். பஸ் வேறு நிறுவனம், அறை இன்னொருவருடையது என்றார் ஒருவர். அப்புறம், கெட்ட காலநிலை என்று ஒன்றில்லை, கெட்ட உடுப்புத்தான் உண்டு என்கிற இந்த நாட்டுப் பழமொழியைச் சொன்னார். மரியாதையாகத்தான் சொன்னார். அம்மா கம்பளி உள்ளுடுப்பிலிருந்து தடித்த சப்பாத்து வரை எல்லாம் போட்டிருந்தார். நடந்து திரிகிறவரை உடுப்புக் காப்பாற்றும். அசையாமல் இருக்கும் வயதானவரை ஒன்றரை மணிநேரம் காப்பாற்றாது. குளிர்நாட்டில் தொழில் செய்கிற உங்களுக்கு இது தெரியாததா?

விற்கும்போது ரயில், படகு, பஸ் எல்லாம் ஒரே பயணம், ஒரே கட்டணம். பிசகும்போது மட்டும் அவை தனித்தனி ஆகிவிடுகின்றன. ஊர்ப்புற ரயில் நிலையங்களிலும் இதே கதைதான்: ஆளில்லை, அறை பூட்டு, எல்லாவற்றுக்கும் ஒரு செயலி. முகம் பார்த்து உதவி கேட்க ஒருவர் இல்லாத நாடாக இது மாறிக்கொண்டு வருவது எனக்கு உண்மையில் கவலையாக இருக்கிறது.

நேரோய்ஃபியோர்டும் கெய்ராங்கர்ஃபியோர்டும் 2005இல் யுனெஸ்கோ உலக மரபுப் பட்டியலில் சேர்ந்தன. அந்த நீரில் 10,000 தொன் அளவுக்குக் குறைந்த பயணிகள் கப்பல்கள் புகை கக்கக் கூடாது என்று 2026இலிருந்து விதியே வந்துவிட்டது. மனதார வரவேற்கிறேன். படகுக்கு மின்னேற்ற இறங்குதுறை வரை மின்சாரம் கொண்டுவருகிற இடத்தில், ஏற்கெனவே பாதி சூடாக இருக்கும் ஓர் அறையின் கதவைத் திறப்பது பெரிய வேலையா? குளிர்காலத்தில் வாருங்கள் என்று படம் போட்டு அழைப்பது நீங்கள்தானே.

குரல் சற்று உயர்ந்துவிட்டது. பணிவாகவே கேட்கிறேன். அறைக்கு ஆள் போட வேண்டும் என்றில்லை. கதவுக்கு எண்பூட்டு மாட்டி, அன்றைய எண்ணைப் படகில் பயணிகளுக்குச் சொன்னாலே போதும். அறை உங்களுடையது இல்லையென்றால் உரியவரோடு நீங்கள் பேசுங்கள். பயணியைப் பேசச் சொல்லாதீர்கள். கடைசிப் பயணி பஸ் ஏறும்வரை அந்த அறையும் மலசலகூடமும் திறந்திருக்க வேண்டும்.

வரும் நவம்பருக்கு முன் இதைச் செய்வீர்களா என்று ஒரு வரி எழுதினால் நன்றியுடையவளாக இருப்பேன்.

இப்படிக்கு,
பேர்கனிலிருந்து ஒரு பயணி