அந்தச் சின்னக் கோட்டை விட்டுட்டீங்களே

ஆசிரியர் ஐயாவுக்கு வணக்கம்.

போன வாரம் உங்க கம்ப்யூட்டர் பக்கத்துல லினக்ஸ் சிஸ்டத்தோட பேரை டெர்மினல்ல, அதாவது கமாண்டு அடிக்கிற விண்டோவுல, பாக்குறது எப்படின்னு போட்டிருந்தீங்க, நல்ல விஷயம், தமிழ்ல இதெல்லாம் யாரு எழுதுறா. ஆனா "ஹோஸ்ட்நேம் -ஐ"ன்னு (இங்கிலீஷ்ல hostname -i) வரவேண்டிய கமாண்டு அச்சுல கோடு இல்லாம "ஹோஸ்ட்நேம் ஐ"ன்னு வந்துருச்சு. அச்சுப்பிழைதானேன்னு விட முடியாதுங்க. கோடு இருந்தா ஐபி அட்ரஸை, அதாவது சிஸ்டத்தோட நெட்வொர்க் நம்பரைக் காட்டும், கோடு இல்லேன்னா இந்த சிஸ்டத்துக்கு இனிமே பேரே "ஐ"தான்னு நீங்க ஆர்டர் போட்டதா எடுத்துக்கும். சாதா யூசரா அடிச்சா மாட்டேன்னுரும், ஆனா நம்ம பயலுக எதுக்கெடுத்தாலும் முன்னாடி சூடோ (sudo, அட்மின் அதிகாரத்தோட ஓட்டுற கமாண்டு) போட்டுல்ல அடிக்கிறானுக.

மேலூர் பஸ் ஸ்டாண்டு பக்கம் ஜெராக்ஸ் கடை வச்சிருக்க தம்பி உங்க பேப்பரைப் பாத்து அப்படித்தான் அடிச்சுட்டு, அப்புறம் சூடோ போடும்போதெல்லாம் ஹோஸ்டை ரிசால்வ் பண்ண முடியலைன்னு வருதுண்ணே, வைரஸாண்ணேன்னு போன் போட்டான். வைரஸும் இல்ல ஒண்ணும் இல்ல, எந்தப் பேருக்கு எந்த ஐபின்னு எழுதி வச்சிருக்க ஹோஸ்ட்ஸ் ஃபைல்ல புதுப்பேரு கெடையாது, அதான் அந்தப் பேருக்கு ஐபி கண்டுபிடிக்க முடியல. எட்சி (/etc) ஃபோல்டருக்குள்ள ஹோஸ்ட்நேம் ஃபைல்ல பழைய பேரு அப்படியே இருக்கும்ல, ரீஸ்டார்ட் பண்ணச் சொன்னேன், சரியாயிருச்சு.

இன்னொண்ணு, கோட்டுக்கு அப்புறம் சின்ன "ஐ" (i) போட்டா டெபியன், உபுண்டு மாதிரி லினக்ஸ்ல பல தடவை 127.0.1.1னு சிஸ்டம் தனக்குள்ளயே வச்சுக்கிற ஐபிதான் வரும், நெட்வொர்க் ஐபி வேணும்னா கேபிட்டல் "ஐ" (I) போடணும், இதையும் நீங்க சொல்லல. பேரை நிரந்தரமா மாத்தணும்னா "ஹோஸ்ட்நேம்சிடிஎல் செட்-ஹோஸ்ட்நேம்" (hostnamectl set-hostname) அடிச்சு பக்கத்துல புதுப்பேரு, ஹோஸ்ட்ஸ் ஃபைல்ல அந்த 127.0.1.1 வரியையும் கையோட திருத்திரணும். பேருல இங்கிலீஷ் எழுத்து, நம்பர், கோடு தவிர வேற எதுவும் வேணாம், கோடும் முதல்லயோ கடைசியிலயோ வரக்கூடாது, 63 எழுத்துக்குள்ள முடிச்சுக்கணும். விண்டோஸ்ல இந்த வம்பு இல்ல, ஹோஸ்ட்நேம்னு அடிச்சா பேரைக் காட்டும், மாத்தாது, மாத்த பவர்ஷெல்ங்கிற விண்டோஸ் கமாண்டு விண்டோவுல "ரீநேம்-கம்ப்யூட்டர்" (Rename-Computer)னு தனியா இருக்கு. சோலாரிஸ்ங்கிற பழைய யூனிக்ஸ் சிஸ்டம் இன்னும் மோசம், அதுல ஹோஸ்ட்நேம் பக்கத்துல "-எஃப்" (-f)னு கோட்டோட அடிச்சாக்கூட அதையே பேரா வச்சுக்கும்.

வர்ற வாரமே திருத்தம் போட்டுருங்கய்யா. கமாண்டை மட்டும் தனி வரியில, நடுவுல உடையாம போடச் சொல்லுங்க, பக்கம் கட்டுறவங்க அழகுக்காக அந்தக் கோட்டை நீளமாக்கிட்டாலும் அது வேலை செய்யாது.

இப்படிக்கு,
கம்ப்யூட்டர் சர்வீஸ் பண்ற வாசகர்,
மேலூர், மதுரை மாவட்டம்