அத்தைக்கு, அந்த ஆவிச் சட்டியைப் பற்றி

அத்தை,

அடுத்த வியாழக்கிழமை பிள்ளைக்கு மூக்குக்குப் பின்னால் இருக்கும் அடினாய்டு சதையை எடுக்கத் தேதி வாங்கியாச்சு. போன் பண்ணினால் பாதியில் ஏதாவது வந்துவிடும் என்றுதான் எழுதுகிறேன். சொந்தக்காரர்களும் படிப்பார்கள், அன்றைக்குக் கூடத்தில் யார் என்ன சொன்னார்கள் என்பது இதில் இருக்காது.

சட்டியைத் தட்டிவிட்டது என் தப்பு. உங்கள் காலடியில் வெந்நீர் ஓடியபோது ஒரு துணிகூட எடுக்காமல் நின்றது அதைவிடத் தப்பு. ஆனால் மடியில் ஐந்து வயதுப் பிள்ளை, போர்வைக்குள் கொதிக்கிற தண்ணீர், அதில் தைலம். அவன் ஒரு உதை விட்டால் வேகப்போவது தொடை. கற்பூரத் தைலம் வயிற்றுக்குள் போனால் வலிப்பு வரலாம். நெற்றியில் பற்றுப் போட்டும் பயனில்லை. அங்கே இருக்கும் சைனஸ், அதாவது எலும்புக்குள் இருக்கும் காற்றறை, இந்த வயதில் சரியாக உருவாகியே இருக்காது. இவனுக்குச் சளி கட்டுவதெல்லாம் கன்னத்துக்குள்ளும் இரண்டு கண்களுக்கு நடுவிலும்தான்.

மூன்றாம் நாள் மூக்கு தெளிந்ததும் ஆன்டிபயாடிக்கை நிறுத்தியது யார் என்று நான் யாரிடமும் சொன்னதில்லை, இப்போதும் சொல்லவில்லை. மீதியை அடுத்த சளிக்கென்று வைத்ததுதான் ஆறவில்லை. அந்த ஆன்டிபயாடிக், ஆறிய நீரில் கலக்கிய அமாக்ஸிசிலின்-கிளாவுலனேட், ஃப்ரிட்ஜில் வைத்தாலும் ஏழு நாள்தான். சளி பச்சையாக வந்தாலே மருந்து வேண்டும் என்றும் இல்லை. பத்து நாள் தாண்டியும் குறையாமல் இரவும் பகலும் இருமினாலோ, தேறி வந்தவனுக்குத் திரும்பக் காய்ச்சல் வந்தாலோ சைனஸில் பாக்டீரியாத் தொற்றோ என்று சந்தேகப்பட வேண்டும். கண்ணிமை வீங்கினால் அந்த நிமிடமே ஆஸ்பத்திரி.

"வளர்ந்தா தானா சரியாகும்" என்றீர்கள். பொய்யில்லை, பெரும்பாலும் எட்டு வயதுக்கு மேல் அடினாய்டு சுருங்கத் தொடங்கும். அதுவரை மூக்குக்குப் பின்னால் கிருமிக்குக் குடியிருப்பு, ராத்திரி வாய் திறந்த குறட்டை. எத்தனை ராத்திரி அவனைத் தோளில் சாய்த்தபடி நீங்கள் உட்கார்ந்திருந்தீர்கள் என்று எனக்குத் தெரியாதா?

தலைக்கு ஊற்றியதும் நீங்கள் காட்டும் சாம்பிராணிக்குக் கண்ணை மூடிச் சிரிப்பான். பார்க்க எனக்கும் பிடிக்கும். ஆனாலும் அந்தப் புகை வேண்டாம், கொசுவர்த்தியும் வேண்டாம். எண்ணெய் தேய்க்கும் நாளில் மூக்கில் சொட்டு விடவே கூடாது, நுரையீரலுக்கு இறங்கும்.

ஆபரேஷன் முடிந்து ஒரு வாரம்வரை வாய் நாறும், குடித்த தண்ணீர் கொஞ்சம் மூக்கில் வரலாம், குரலும் மாறலாம்; பதற வேண்டாம். ரத்தம் வந்தால் மட்டும் காத்திருக்கக் கூடாது. டாக்டர் சரி என்றதும் மூக்கு கழுவுவது உங்கள் கையில். என்னிடம் வாயே திறப்பதில்லை, உங்களிடம்தான் "ஆ" காட்டுகிறான். 240 மில்லி தண்ணீருக்கு அயோடின் சேர்க்காத உப்பு அரை டீஸ்பூன், ஆப்ப சோடா ஒரு சிட்டிகை. தண்ணீர் ஒரு நிமிடமாவது தளதளவென்று கொதித்து வெதுவெதுப்பாக ஆறியிருக்க வேண்டும். 2024இல் கேரளத்தில் அமீபா மூக்கு வழியே மூளைக்கு ஏறிக் குழந்தைகள் இறந்தது நினைவிருக்கும். முன்னால் குனிய வைத்து ஒரு பக்கத்துக்கு 60 மில்லி, மெதுவாக. எரிகிறது என்றால் உப்பின் அளவைப் பாருங்கள். பிறகு ஒவ்வொரு பக்கமாகத்தான் சிந்த வேண்டும். இரண்டையும் அடைத்துச் சிந்தினால் காதுக்குப் போகும்.

மஞ்சள் மூடி டப்பாவில் ஸ்பூன் உள்ளேயே இருக்கிறது. சமையல் உப்பை அதில் கொட்டிவிடாதீர்கள்.