"எனக்கும்தான்"

அன்புள்ள மணி,

உன் கடிதம் கிடைத்தது. கண் ஆபரேஷன் நல்லபடியாக முடிந்ததில் நிம்மதி. அது சரி, நாடகக் குழுவில் தாத்தா வேஷத்துக்குக் கூப்பிட்டும் "அறுபத்தெட்டு வயதில் எதற்கு" என்று மறுத்துவிட்டாயாமே?

அதைப் படித்த அன்று இரவுதான் டேவிட் லீனின் 'எ பாசேஜ் டு இந்தியா' படத்தை மறுபடி பார்த்தேன். அதில் மிஸஸ் மூர் என்ற இங்கிலீஷ் பாட்டியாக வரும் பிரிட்டிஷ் நடிகை பெக்கி ஆஷ்கிராஃப்டும், கூப்பிட்டபோது "எனக்கு எழுபத்தைந்து வயதாகிறது" என்று இழுத்தாராம். "எனக்கும்தான்" என்றாராம் லீன்.

மசூதிக் காட்சி ஞாபகம் இருக்கிறதா? நிலா வெளிச்சத்தில் ஒரு வெள்ளைக்காரப் பாட்டி. செருப்போடு வந்துவிட்டாள் என்று இந்திய டாக்டர் அஜீஸ் சீறுகிறான். அவரோ வாசலிலேயே கழற்றிவிட்டுத்தான் வந்திருக்கிறார். அதைக் கோபப்படாமல், குத்திக்காட்டாமல், சும்மா சொல்கிறார். அவ்வளவுதான், அவன் கரைந்துவிடுகிறான். (வெள்ளைக்கார நடிகர் அலெக் கின்னஸுக்கு மேக்கப் போட்டு இந்தியப் பேராசிரியர் காட்போலே ஆக்கியதைத்தான் இன்றைக்கும் சகிக்க முடியவில்லை.)

அதுவரை ஆஷ்கிராஃப்டுக்குப் பெரும்பாலும் மேடைதான். 1930இல் லண்டன் சவாய் தியேட்டரில் ஷேக்ஸ்பியர் நாடகத்தில் பால் ராப்சனின் ஒத்தெல்லோவுக்கு மனைவி டெஸ்டிமோனா. கறுப்பின நடிகரோடு நடித்ததற்காக வசைக் கடிதங்கள் வந்தன. 1935இல் ஜூலியட், பெரிய நடிகர்களான கீல்குட்டும் ஒலிவியரும் மாற்றி மாற்றி ரோமியோ. சினிமாவில் எப்போதாவது தலைகாட்டுவார். அதே 1935இல் ஹிட்ச்காக்கின் 'தி 39 ஸ்டெப்ஸ்' படத்தில் சில நிமிடங்கள் வரும் குடியானவன் மனைவி அவர்தான். தப்பியோடும் நாயகனுக்குப் புருஷனின் கோட்டை எடுத்துக் கொடுப்பாளே, அவள். கோட்டுப் பையிலிருந்த பாட்டுப் புத்தகம் பிறகு துப்பாக்கிக் குண்டைத் தடுக்கும்!

1984இல் டிவியிலும் வந்தார்: 'தி ஜூவல் இன் தி கிரவுன்' தொடரில், ஓய்வுபெற்ற மிஷனரி டீச்சர் பார்பி. ஓயாமல் பேசிக்கொண்டே இருப்பவள், கடைசியில் பேச்சே நின்று ஜன்னலோரம் உட்கார்ந்திருப்பாள். என்னைக் கேட்டால் மிஸஸ் மூரைவிட இவள்தான் ஒரு படி மேல். பிரிட்டனின் பாஃப்டா விருது பார்பிக்குக் கிடைத்தது. ஆஸ்கர் மிஸஸ் மூருக்கு, 77 வயதில்.

வசனம் மனதில் நிற்காது என்ற சாக்கெல்லாம் என்னிடம் வேண்டாம். பள்ளி ஆண்டு விழாவில் என் வசனத்தையும் சேர்த்துப் பேசி முடித்தவன் நீ. தாத்தா வேஷத்துக்கு ஆள் கிடைத்துவிட்டதா என்று விசாரித்து எழுது. மல்லிகாவைக் கேட்டதாகச் சொல்.

அன்புடன்,
ராமு