309ஆவது மணி நேரம்: கல்லூரித் தாளாளருக்கு ஒரு திறந்த மடல்

மதிப்பிற்குரிய தாளாளர் அவர்களுக்கும் வெளிநாட்டுப் பயிற்சிப் பிரிவினருக்கும் வணக்கம்.

தங்களிடம் படிக்கும் எங்கள் தெருப் பெண் ஒருத்தி, 2025இல் நான் போய்வந்த பாரிஸ் பயிற்சிக்கான இவ்வாண்டு அறிவிப்பை என்னிடம் காட்டி, "அக்கா, நானும் போகட்டுமா?" என்று கேட்டாள். பயிற்சிக் காலம் 44 நாட்கள் என்று அதில் அச்சிட்டிருந்தது. நேரிலும் மின்னஞ்சலிலும் பலமுறை சொல்லியும் பதில் வராத ஒன்றைப் பொதுவில் எழுத வைத்தது அந்த எண்தான்.

44இன் பொருளைத் தாங்கள் அறிவீர்கள். பிரான்சில் மாணவர் ஒருவர் பயிற்சிக்குச் சேர வேண்டுமானால், மாணவர், நிறுவனம், கல்லூரி என மூன்று தரப்பும் கையெழுத்திட்ட ஒப்பந்தம் வேண்டும். பயிற்சி 308 மணி நேரத்தைத் தாண்டினால், முதல் மணி நேரத்திலிருந்தே கணக்கிட்டு நிறுவனம் உதவித்தொகை கொடுத்தாக வேண்டும். 2025இல் அதன் குறைந்தபட்ச அளவு மணிக்கு 4.35 யூரோ. நாளொன்றுக்கு ஏழு மணி நேரம் வீதம் 44 நாட்களைப் பெருக்கினால் சரியாக 308 வருகிறது. ஒப்பந்தத்தில் இன்னும் ஒரே ஒரு மணி நேரம் ஏறியிருந்தால் எனக்கு 1,344 யூரோ, நம் பணத்தில் ஒன்றேகால் லட்சத்துக்கும் மேல், கிடைத்திருக்கும். பிரெஞ்சில் இருந்த அந்த ஒப்பந்தத்தின் கடைசிப் பக்கத்தை மட்டும் நீட்டிக் கையெழுத்து வாங்கினீர்கள். கல்லூரியின் மேல் இருந்த நம்பிக்கையில் நானும் போட்டுக் கொடுத்தேன்.

கற்றுக்கொண்டது எதுவுமில்லை என்று சொல்லமாட்டேன். ஆடை நிறுவனத்தின் மக்கள் தொடர்புப் பிரிவில் பத்திரிகைகளின் படப்பிடிப்புக்கு இரவல் போகும் சாம்பிள் உடைகளுக்கு எண்ணிட்டு, உறையிட்டு அனுப்புவதும், திரும்பி வருபவற்றில் கறையோ கிழிசலோ உண்டா என்று பார்த்து, நீராவியில் சுருக்கம் நீக்கி மாட்டுவதும் என் வேலை. பெரும்பாலும் ஒவ்வொரு வடிவமைப்பிலும் ஒரே ஒரு உடைதான் இருக்கும். அது கெட்டால் மாற்று இல்லை. அம்மா கட்டிக்கொடுத்த நெத்திலிக் கருவாடு இரண்டு கிலோ பெட்டியில் இருந்தது. கையில் காசில்லாத நாட்களில் சோற்றுக்கு அதைத்தான் நம்பியிருந்தேன். சன்னல் ஒழுங்காகத் திறக்காத அந்தச் சின்ன அறையில் ஒருநாள் கருவாடு வறுத்தேன். மறுநாள் காலை உடை மாட்டும் தண்டின் அருகே நின்ற மேலாளர் மூக்கைச் சுளித்து, ஒவ்வோர் உறையாகத் திறந்து முகர்ந்து பார்த்தார். வாடை என் தலைமுடியிலிருந்து வந்தது. அவர் என்னை ஒரு சொல்லும் சொல்லவில்லை. அதன்பின் நான் அந்தப் பொட்டலத்தைப் பிரிக்கவேயில்லை. ஜூன் முடியும்வரை வெறும் சோறும் ஊறுகாயும்தான்.

வீட்டில் பணம் கேட்டிருக்கலாமே என்று தாங்கள் நினைக்கலாம். ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை எங்கள் கடலில் 61 நாட்கள் மீன்பிடித் தடைக்காலம். விசைப்படகில் பங்குக்குப் போகும் அப்பா அரசின் நிவாரணம் 8,000 ரூபாயை எதிர்பார்த்துக் கரையில் உட்கார்ந்திருந்தார். பயணச் செலவுக்கே அம்மாவின் நகை அடகுக்குப் போயிருந்தது. புதிய பாம்பன் பாலம் திறந்த சில நாட்களில் அதன்மேல் ரயிலேறிப் புறப்பட்ட மகளிடமிருந்து முதல் மாதமே பணம் வரும் என்று தெருவே நம்பியிருந்தது.

ஜூன் கடைசியில் ஆண்கள் உடைக்கான அணிவகுப்புகள் நடக்கும் ஃபேஷன் வாரம் வந்தது. விருந்தினர் இருக்கைப் பட்டியல் மணிக்கொரு முறை மாறியது. இரவு பத்துவரை நின்றேன், அந்த நேரம் எந்தக் கணக்கிலும் ஏறவில்லை. ஆள் போதாத அந்த வாரம் முடிய இரண்டு நாள் இருக்கையில், 44ஆம் நாள் மாலை, நன்றி சொல்லி என்னை அனுப்பிவிட்டார்கள். என் வேலை அவர்களுக்குத் தேவைப்பட்டது. 309ஆவது மணி நேரம்தான் வேண்டாததாயிற்று. அந்த நிறுவனத்தின் மீதும் எனக்குக் கோபம் உண்டு. ஆனால், அவர்கள் என்னிடம் பயிற்சிக் கட்டணம் வாங்கவில்லை, தாங்கள் வாங்கினீர்கள்.

மக்கள் தொடர்பு பயிலப் போனவள் என்ற முறையில், என் ஈபிள் கோபுரப் படத்தை இவ்வாண்டு விளம்பரத்தில் தாங்கள் பயன்படுத்தியிருக்கும் நேர்த்தியைப் பாராட்டத்தான் வேண்டும். படத்துக்குக் கீழே "உலகத்தரப் பயிற்சி" என்று இருக்கிறது. உதவித்தொகை கிடையாது என்ற வரிக்கு மட்டும் இடம் போதவில்லை போலும். கடற்கரைப் பிள்ளைகள் கேள்வி கேட்கமாட்டார்கள் என்ற எண்ணம் எல்லா அலுவலகங்களிலும் எப்படித்தான் ஒன்றுபோல் அமைந்துவிடுகிறதோ!

வார்த்தை தடித்திருந்தால் பொறுத்தருள வேண்டும். நான் கேட்பது பழைய பணத்தையன்று. அடுத்து அனுப்பும் மாணவியரின் ஒப்பந்தத்தை 308 மணி நேரத்துக்கு மேல் எழுதுங்கள். நிறுவனம் அதற்கு இணங்காவிட்டால் உதவித்தொகை இல்லை என்பதை, கட்டணம் வாங்குமுன், தமிழில் எழுதி மாணவியிடமும் பெற்றோரிடமும் கொடுங்கள். எங்கள் தெருப் பெண் பணம் கட்ட இந்த மாதம் 20ஆம் தேதி கடைசி நாள். அவளுடைய அப்பாவும் படகுக்குப் போகிறவர்தான். அதற்கு முன் 44 என்ற அந்த எண்ணை மாற்றித் தருமாறு மீண்டும் பணிவுடன் கேட்டுக்கொள்கிறேன்.

இப்படிக்கு,
தங்கள் முன்னாள் மாணவி,
தங்கச்சிமடம்.