டிக் வெல்டிங்ல ராடு பிடிக்கிற கைக்கும் சொல்லிக்குடுங்க

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

டிக் வெல்டிங் (டார்ச்ல இருக்கிற டங்ஸ்டன் ஊசிக்கும் உலோகத்துக்கும் நடுவுல ஆர்க், அதாவது கரண்ட் பொறி, அடிச்சு உருக்கி ஒட்டுறது) கத்துக்கிட்டா நல்ல வேலை இருக்குன்னு உங்க பேப்பர்ல வந்த கட்டுரைய படிச்சேன், சரியாத்தான் எழுதியிருக்கீங்க. ஆனா கத்துக்கிற பசங்க எந்த இடத்துல தடுமாறுறாங்கன்னு அதுல ஒரு வரி கூட இல்ல. டார்ச் பிடிக்கிற கைய பத்தி எல்லாரும் மணிக்கணக்கா சொல்லிக்குடுக்குறாங்க, ஃபில்லர் ராடு (உருகி இணைப்புல சேர்ற கம்பி) பிடிக்கிற கைய யாரும் கண்டுக்கறதே இல்ல, புதுசா வர்ற பசங்க பீடு (வெல்டிங் போட்ட கோடு) கெட்டுப்போறது பெரும்பாலும் அந்தக் கையாலதான்.

மொத விஷயம், ராடை ஆர்க்குக்குள்ள நீட்டி உருக்கக்கூடாது. அப்படி செஞ்சா சொட்டு சொட்டா கீழ விழும், ஜாப் (வெல்டு பண்ற உலோகம்) இன்னும் உருகாம இருக்கிறதால மேல ஒட்டிக்கிட்டு நிக்குமே தவிர உள்ள சேராது. ஆர்க் அடிச்சதும் பொறுமையா நிக்கணும், ரெண்டு பக்க ஓரமும் உருகி ஒண்ணா கலந்து பூல் (உருகின உலோகக் குட்டை) பளபளன்னு தெரிஞ்ச பிறகுதான் அதோட முன் ஓரத்துல ராடை தொடணும், பூல் சூடே ராடை உருக்கிக்கும். ராடு ஜாப்போட ஒட்டி தாழ்வா, ஒரு 15 டிகிரி வாக்குல வரணும். தூக்கிப் பிடிச்சா டங்ஸ்டன்ல இடிக்கும். இடிச்சிருச்சுன்னா உடனே நிறுத்தி டங்ஸ்டனை திரும்ப கிரைண்ட் பண்ணணும், அப்படியே ஓட்டினா ஆர்க் அங்கயும் இங்கயும் அலையும்.

கண்ணுக்கு தெரியாத தப்பு இன்னொண்ணு இருக்கு. ஒரு தொடு தொட்டுட்டு ராடை ரொம்ப தூரம் பின்னால இழுத்துடுறாங்க. சிவந்த நுனி காத்து படாம காக்க டார்ச்லேருந்து வர்ற ஆர்கான் கேஸை விட்டு வெளிய வந்த நிமிஷமே காத்து பட்டு கருத்துடும், அந்த கருப்பு அடுத்த தொடுல நேரா பூலுக்குள்ள போயிடும். நுனி எப்பவும் கேஸுக்குள்ளயே இருக்கணும், கருத்துட்டா வெட்டிப் போட்டுட்டு ஆரம்பிங்க. அலுமினியத்துல ஆர்க்குக்கு ரொம்ப கிட்ட சும்மா வெச்சிருந்தாலும் நுனி உருண்டு குண்டாயிடும், அதனால தொட்டு முடிஞ்சதும் ராடை கொஞ்சமா விலக்கணும், ஆனா கேஸை விட்டு போகக்கூடாது. இந்த சின்ன இடைவெளி கைக்கு பழகத்தான் நாளாகும்.

ராடு தள்ளுறத மெஷின ஆஃப் பண்ணிட்டே பழகலாம். கிளவுஸ் போட்டுக்கிட்டு ராடை ஆள்காட்டி விரல், நடுவிரல் மேல வெச்சு கட்டைவிரலால கொஞ்சம் கொஞ்சமா முன்னால தள்ளிக்கிட்டே இருக்கணும், கை அசையக்கூடாது, ராடு மட்டும் நகரணும். இது வராத வரைக்கும் ரெண்டு மூணு அங்குலம் ஓட்டுறதுக்குள்ள ராடு தீர்ந்து, நிறுத்தி மாத்திப் பிடிக்க வேண்டியதாயிடும்.

ராடை பூல் முன் ஓரத்துல அப்படியே படுக்க வெச்சு டார்ச்சை மட்டும் நகத்துற முறையும் இருக்கு, பைப் ரூட்டுக்கு (இணைப்போட அடியில போடுற மொத ஓட்டத்துக்கு) நல்லா வரும். ஆனா கத்துக்கிறவங்க தொட்டுத் தொட்டு ஓட்டுறத மொதல்ல பழகட்டும்னுதான் நான் சொல்லுவேன், ஏன்னா பூலை படிக்க கத்துக்குடுக்கிறது அதுதான்.

ராடு சைஸையும் பாக்கணும். 1.6 எம்எம் ஷீட்டுக்கு 1.6 ராடு போதும். 2.4 எம்எம் ராடு போட்டா பூல் சூடு இறங்கிடும், பையன் கரண்ட்டை ஏத்துவான், ஷீட்டுல ஓட்டை விழும். கடைசியில முடிக்கிறப்போ கரண்ட்டை மெதுவா குறைச்சு இன்னொரு தொடு குடுத்தா பள்ளம் விழாது, கிராக் வராது, கேஸ் நிக்கிற வரைக்கும் டார்ச்சை எடுக்கவே கூடாது.

சொல்லிக்குடுக்கிறவங்க மொதல்ல ராடு இல்லாம பூல் ஓட்ட விடுங்க, அப்புறம் மெஷின் ஆஃப்ல ராடு தள்ள விடுங்க, ரெண்டும் தனித்தனியா வந்த பிறகு சேர்த்து குடுங்க. அடுத்த தடவ வெல்டிங் பத்தி எழுதுறப்போ இதையும் தயவு செஞ்சு போடுங்க சார்.

இப்படிக்கு,
ஒரு வெல்டர்